எம்ஜிபி காரில் மாஸ்டா எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நான் ஓட்டும் கார் 1971இல் தயாரான எம்ஜிபி ஜிடி. வெளியே பார்த்தால் அந்தக் காலத்து வண்டிதான்: குரோம் பம்பர், கம்பிச் சக்கரங்கள், ஸ்மித்ஸ் மீட்டர்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.8 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஐந்து கியர் பெட்டியும் அந்தக் காருடையதே. இரண்டு குளிர்காலங்கள் இதற்காகச் செலவாயின. பெட்ரோல் நிலையத்திலும் கோயில் வாகன நிறுத்தத்திலும் நம்மவர்கள் நின்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

எம்ஜிபி என்பது எந்தக் கார்? இப்போது இந்தியாவில் விற்கும் எம்ஜியா?

பெயர் ஒன்று, வண்டி வேறு. எம்ஜி என்பது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை நிலையத்தின் பெயர்ச் சுருக்கம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில் தயாரானது. முதலில் திறந்த மேற்கூரை கொண்ட ரோட்ஸ்டர் வந்தது. 1965இல் கூரை மூடிய ஜிடி வந்தது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காராக இருந்ததுதான் அதன் பெருமை.

பழைய எஞ்சினில் என்ன குறை? நன்றாகத்தானே ஓடியது?

நன்றாகவே ஓடியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பி-சீரிஸ் எனப்படும் அந்த 1,798 சிசி எஞ்சின் தலை முதல் அடி வரை வார்ப்பிரும்பு. கெடுவது அரிது. கெட்டாலும் வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் அது மூச்சு விடத் திணறும் எஞ்சின். நான்கு சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போக இரண்டே வழிகள், புகை வெளியேற மூன்றே வழிகள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் வைத்தும், தயாரிப்பாளர் தம் பழைய கணக்கில் காட்டிய திறன் 95 குதிரைத்திறன்தான்.

மாஸ்டா எஞ்சின் 1,839 சிசி. வித்தியாசம் 41 சிசி. ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், அவற்றைத் திறந்து மூட மேலே இரண்டு கேம் ஷாஃப்டுகள், கணினி அளந்து தெளிக்கும் பெட்ரோல். ஏறக்குறைய அதே கொள்ளளவில் சுமார் 130 குதிரைத்திறன் கிடைக்கிறது.

எனக்கு அந்தக் கூடுதல் குதிரைகளைவிட முக்கியமாக இருந்தது வேறொன்று. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) இல்லாத நான்கு கியர் எம்ஜிபியில் மணிக்கு 112 கிலோமீட்டர், அதாவது இங்குள்ள நெடுஞ்சாலை வேக வரம்பு, போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும். இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் இறங்கிய பிறகும் காதில் ரீங்காரம் நிற்காது. என் காரில் இதே வேகத்தில் ஐந்தாவது கியரில் 3,200 சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. என் மனைவி பக்கத்தில் இருந்தபடி சாதாரணக் குரலில் பேசுகிறார், எனக்குக் கேட்கிறது.

பழமையான காரைக் கெடுத்துவிட்டீர்களே?

வயதான ஆங்கிலேயர்கள் சிலர் என் முகத்துக்கு நேரே இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காருக்கு வேறு எஞ்சின் வைப்பது நான் தொடங்கிய வழக்கம் அல்ல.

கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எம்ஜிபியில் ரோவர் நிறுவனத்தின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அந்த எஞ்சினுக்கே ஒரு பூர்வ கதை உண்டு. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் உருவாக்கிக் கைவிட்ட வடிவமைப்பை ரோவர் வாங்கிக்கொண்டது. முழுக்க அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எடை ஏறக்குறைய பழைய இரும்பு எஞ்சின் அளவுதான். காஸ்டெல்லோவின் கார்களைப் பார்த்த பிறகுதான் தொழிற்சாலையே 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 காரை வெளியிட்டது. 137 குதிரைத்திறன். மூன்று ஆண்டுகளில் 2,591 கார்கள் மட்டும் தயாரித்து நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் விலை ஏறிய காலம் அது. பிறகு 1990களில் ரோவர் நிறுவனம் அதே பழைய உடற்கூட்டைப் புதுப்பித்து, 3.9 லிட்டர் வி8 வைத்து, ஆர்வி8 என்ற பெயரில் ஏறக்குறைய 2,000 கார்களை விற்றது. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

ஆகவே 130 குதிரைத்திறன் என்பது இந்த உடற்கூடு ஏற்கெனவே சுமந்து காட்டிய அளவு. அதற்கு மேல் போக எனக்கு ஆசை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் ஃப்ரன்ட்லைன் என்ற நிறுவனம் 2012இல், எம்ஜிபியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, மாஸ்டாவின் 2 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் பெட்டியும் வைத்து 200க்கு மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட எம்ஜிபிகளைச் செய்தது. பார்க்க அழகான வேலை. ஆனால் அந்தத் திறனுக்குச் சஸ்பென்ஷன் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்புறம் அது வேறு கார்.

நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி ஒன்றே: உடற்கூட்டில் எதையும் வெட்டக் கூடாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் தாங்கிகளோடு கழன்று வர வேண்டும். பழையது அதே துளைகளில் திரும்ப உட்கார வேண்டும். எனக்குப் பின் இந்தக் காரை வாங்குகிறவர் ஒரு வாரத்தில் இதை 1971க்குத் திருப்பிவிடலாம். கெடுப்பது என்ற சொல் வெட்டிய காருக்குப் பொருந்தும், என் காருக்குப் பொருந்தாது.

எல்லா எம்ஜிபியிலும் இதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எல்லாவற்றிலும் செய்யக் கூடாது. தொழிற்சாலையே செய்த ஜிடி வி8 ஒன்று கையில் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். 1960களின் தொடக்கத்தில் வந்து, பிறந்த எஞ்சினோடே இன்னும் இருக்கும் ரோட்ஸ்டரையும் விட்டுவிடுங்கள். எஞ்சின் எப்போதோ மாறிப்போன, எஞ்சின் எண் பொருந்தாத, நடுக்காலத்து வண்டிதான் இதற்கு ஏற்றது. அப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கின்றன.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1967 இறுதியில் எம்ஜிபிக்கு முதல் கியரிலும் சின்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் விழச் செய்யும் அமைப்பு) உள்ள புதிய கியர்பாக்ஸ் வந்தது. அதற்காகக் காரின் நடுவில் கியர்பாக்ஸை மூடி ஓடும் சுரங்கம் போன்ற தகட்டை அகலமாக்கினார்கள். நவீன ஐந்து கியர் பெட்டி அந்த அகலத்தில்தான் வெட்டாமல் நுழையும். மின்சார இணைப்பிலும் அதே நேரத்தில்தான் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் கார் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் போய், நெகட்டிவ் முனையை இணைக்கும் நெகட்டிவ் எர்த் வந்தது. கணினி வைத்த எஞ்சினுக்கு இவை இரண்டும் அவசியம்.

ஏன் மாஸ்டா? ஆங்கிலேயர் காருக்கு ஆங்கிலேயர் எஞ்சின்தானே பொருத்தம்?

எம்எக்ஸ்-5 காரை 1989இல் மாஸ்டா வெளியிட்டபோது அது யாரைப் பார்த்துப் பிறந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டே இருக்கை, எளிய திறந்த கார்: ஆபிங்டனும், ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாரான கவென்ட்ரியும் விட்டுப்போன இடத்தை ஜப்பான் நிரப்பியது. எனவே அந்த எஞ்சின் எம்ஜிபிக்குள் போவது எனக்கு ஒரு கடன் திரும்புவதாகவே படுகிறது.

இயந்திரக் காரணம் இன்னும் எளிது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. எஞ்சின் குறுக்காக உட்காரும். எம்ஜிபிக்கு நீளவாக்கில் உட்காரும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் அதற்கேற்ற கியர்பாக்ஸும் வேண்டும். எளிதில் கிடைக்கும் அப்படிப்பட்ட ஜோடிகளில் எம்எக்ஸ்-5 முதல் வரிசையில் நிற்கிறது. உடல் துருப்பிடித்து எஞ்சின் மட்டும் நன்றாக இருக்கும் எம்எக்ஸ்-5 இங்கே நிறையவே கிடைக்கும்.

எஞ்சினை மாற்றாமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு ஃபோர்டு சியரா காரின் டைப் 9 ஐந்து கியர் பெட்டி நல்ல வழி. பலருக்கு அதுவே போதும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் வாங்கினால் போதாதா?

போதாது. முழுக் காரை வாங்குங்கள். வயரிங், கணினிப் பெட்டி, சென்சார்கள், பெட்ரோல் பம்ப், சின்னச் சின்னப் பிளக்குகள் எல்லாம் ஒன்றாக வேண்டும். தனித்தனியாகத் தேடினால் பணமும் போகும், மாதங்களும் போகும். கழற்றுவதற்கு முன் அந்தக் காரை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் நலம் அப்போதுதான் தெரியும்.

பொருத்துவதில் எது கடினம்?

எஞ்சினைக் கீழே இறக்குவது ஒரு நாள் வேலை. அதைச் சுற்றியுள்ளவைதான் மாதக்கணக்கில் இழுத்தன.

முதலில் பின்பக்க இடைவெளி. மாஸ்டாவில் கேம் கோண சென்சாரும் இக்னிஷன் காயிலும் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கின்றன. எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள எம்ஜிபியின் பல்க்ஹெட் சுவர் அங்கே வந்து நிற்கும். சுத்தியலால் சுவரை உள்ளே தட்டுவதுதான் குறுக்குவழி; பலர் தட்டுகிறார்கள். நான் காயிலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, எஞ்சின் தாங்கிகளை மூன்று முறை மாற்றிச் செய்தேன். எஞ்சின் முன்னால் வரவர அடியில் குறுக்கே போகும் கிராஸ்மெம்பர் சட்டத்தில் ஆயில் சம்ப் (எஞ்சின் எண்ணெய்த் தொட்டி) இடிக்கும். ஸ்டீயரிங்கையும் முன் சஸ்பென்ஷனையும் அந்தக் கிராஸ்மெம்பர்தான் தாங்குகிறது, அதை வெட்ட நினைக்கவே கூடாது. பின்னால் சுவர், கீழே கிராஸ்மெம்பர், நடுவில் விரல் நுழையும் இடம். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை முழுவதும் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்து கியர்பாக்ஸ். எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸின் வாலைப் பிடிக்கத் தனித் தாங்கி கிடையாது. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் முதுகெலும்பு போல இணைத்துப் பிடித்திருக்கும். எம்ஜிபியின் பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கி மேலும் கீழும் ஆடுவது. அந்தச் சட்டத்தை அதோடு இணைக்க முடியாது. ஆகவே கியர்பாக்ஸுக்கு அடியில் புதிதாக ஒரு தாங்கி செய்ய வேண்டும். பழைய கியர்பாக்ஸ் தாங்கியின் போல்ட் துளைகளையே நான் பயன்படுத்திக்கொண்டேன்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் புதிய நீளத்துக்குச் செய்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, ஆக்சில் தொங்கிய நிலையில் நான் அளவெடுத்துக் கொடுத்தேன். ஷாஃப்ட் வந்தது, தரையில் இறக்கியதும் நீளம் பொருந்தவில்லை. வண்டி தன் சக்கரத்தில், தன் எடையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். இரண்டாவது ஷாஃப்டுக்கும் பணம் கொடுத்தேன்.

பெட்ரோல் வழி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எம்ஜிபியின் எஸ்யூ பம்ப் கார்புரேட்டருக்கு மெல்லத் தள்ளினால் போதும். சாவி போட்டதும் பின்னாலிருந்து வரும் அந்த டிக் டிக் ஓசை பழைய உரிமையாளர்களுக்குத் தாலாட்டு. இன்ஜெக்ஷனுக்கோ ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும். மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய் வேண்டும். பழைய டாங்கியில் உள்தடுப்பு போதாது. கால் டாங்கி பெட்ரோலோடு ரவுண்டானாவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் திக்கும். லாரி பின்னால் வரும்போது அப்படித் திக்கிய ஒரு மாலை எனக்கு மறக்காது. சிறிய இடைத்தொட்டி ஒன்றை வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. குழாய்களையும் மாற்றுங்கள், 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பரை அது தின்றுவிடும்.

சுற்று மீட்டர் ஒன்று மிச்சம். அந்தக் காலத்து ஸ்மித்ஸ் மீட்டர் இக்னிஷனுக்குப் போகும் மின்னோட்டத்தை உணர்ந்து முள்ளை நகர்த்தும். மாஸ்டா காயிலோடு அது ஒத்துப்போகாது. முகத்தை அப்படியே வைத்து உள்ளுறுப்பை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

பின் ஆக்சில் தாங்குமா?

தாங்கும். ஜிடி கார்களில் தொடக்கத்திலிருந்தே வந்த, குழாய் வடிவ சாலிஸ்பரி ஆக்சில் உறுதியானது. வி8 காரிலும் அதே வகைதான், பல் விகிதம்தான் வேறு. என்னுடையது பழைய 3.909 விகிதத்திலேயே இருக்கிறது. மாஸ்டாவின் ஐந்தாவது கியர் விகிதம் 0.81, பழைய ஓவர்டிரைவின் விகிதமும் ஏறக்குறைய அதுவே. இரண்டு நாடுகளில், வெவ்வேறு பத்தாண்டுகளில் உட்கார்ந்த பொறியாளர்கள் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிரேக்?

எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக்கைக் கவனியுங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற பழைய அமைப்பு நல்ல நிலையில் இருந்தால் மோசமில்லை. இருந்தும் நான் முன்னால் வி8 காருக்கு வந்த தடித்த டிஸ்க்கையும் காலிப்பரையும் போட்டேன். பிரேக் குழாய்கள் எல்லாம் புதியவை. இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் வண்டியில் ஏற மாட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது?

துருவிலிருந்து. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள்தான் காரை முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்கின்றன. வெளித்தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம் போல நொறுங்கும். ரோட்ஸ்டரை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். அப்படிப்பட்ட உடலில் கூடுதல் திறனை ஏற்றுவது ஆபத்து. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி உடற்கூட்டைப் பழைய அச்சுகளிலேயே புதிதாகச் செய்து விற்கிறது. பல பழைய கார்களுக்கு எளிதில் கிட்டாத பாக்கியம் இது.

பிரிட்டனில் சட்டம் என்ன சொல்கிறது?

எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவுப் புத்தகத்தில் மாறும். பல ஆண்டுகளாகப் புள்ளிக் கணக்கு ஒன்று இருந்தது. மாற்றாத உடலுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுக்குக் குறைந்தால் பழைய பதிவு எண் பறிபோகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் மாறிய என் கார் எட்டைத் தாண்டிப் பாதுகாப்பாக நின்றது. உடலை வெட்டியிருந்தால் அந்த ஐந்தும் போயிருக்கும். 2025 ஆகஸ்ட் 26 முதல் இந்த விதிகளைத் தளர்த்தி, பெரிய மாற்றம் செய்த வண்டியும் தன் எண்ணை வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். தெரிவிக்கும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் முக்கியப் பாகங்களைக் கணிசமாக மாற்றிய வண்டிக்கு அந்த விலக்கு பொருந்தாது. நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். விலக்கு கிடைத்தாலும் கொண்டுபோவேன்.

இன்சூரன்ஸ்?

எல்லா மாற்றத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். மறைத்தால் விபத்து நாளில் கைவிரித்துவிடுவார்கள். பழைய கார்களுக்கென்று இயங்கும் நிறுவனங்களில் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

மின்சார மோட்டார் வைத்திருக்கலாமே?

வைக்கிறார்கள். ஜாகுவார் நிறுவனமே 2017இல் இ-டைப் ஜீரோ என்ற மின்சார இ-டைப்பைச் செய்தது. 40 கிலோவாட் மணி பேட்டரி வைத்தும் பழைய காரைவிட 46 கிலோ எடை குறைவு. 2018 மே மாதம் இளவரசர் ஹாரி தம் திருமண மாலையில் ஓட்டிச் சென்றது அதைத்தான். ஆஸ்டன் மார்ட்டின் அதே ஆண்டு பேட்டரியையும் மோட்டாரையும் ஒரே பெட்டிபோல் பழைய எஞ்சின் தாங்கிகளிலேயே பொருத்தி, வேண்டும்போது கழற்றிவிடும் முறையைக் காட்டியது. திரும்ப மாற்றும்படி செய்வதால் அந்த இரண்டாவது யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். எனக்கு எஞ்சின் ஓசையும் கியர் போடும் கையும் வேண்டும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் ஊரில் செய்ய முடியுமா?

நம் ஊரில் இது ஏற்கெனவே நடந்த கதை. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதன் 1,489 சிசி எஞ்சினும் எம்ஜிபி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். முதன்முதலில் எம்ஜிபி ஒன்றை ஸ்டார்ட் செய்து கேட்டபோது எனக்குச் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலின் டாக்சி வரிசைதான் நினைவுக்கு வந்தது. அந்த அம்பாசடருக்கே 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியரையும் வைத்தது. ஆங்கிலேய உடல், ஜப்பானிய எஞ்சின். நான் செய்தது அதுவேதான்.

ஆனால் இன்று இந்தியாவில் தனி ஒருவர் இதைச் செய்வது எளிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றக் கூடாது; எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்காக 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே ஒரு பழைய கார் உங்களிடம் இருந்தால், அதன் சொந்த எஞ்சினைச் சீர்செய்து ஓட்டுங்கள் என்பதே என் ஆலோசனை.

கழற்றிய பழைய எஞ்சினை என்ன செய்தீர்கள்?

கராஜின் மூலையில் மரச்சட்டத்தின் மேல் நிற்கிறது. கார்புரேட்டர்கள் துணிசுற்றி மேல்தட்டில் இருக்கின்றன. ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மாதம் ஒரு முறை கிராங்க்கைக் கையால் சுற்றிவைக்கிறேன். பிஸ்டன் இன்னும் ஒட்டவில்லை. அதன் தாங்கிகளும் போல்ட்டுகளும் பெயர் எழுதிய டப்பாக்களில் பக்கத்திலேயே இருக்கின்றன. காரை விற்கும் நாளில் எல்லாம் சேர்ந்தேதான் போகும்.